லியாவ் டாக்டரின் வலது கை

நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை, காலை பத்தே காலுக்கு, லியாவ் டாக்டரின் கையில் ஆன் மாமா செத்துப்போனார்.

ஆன் மாமா ஒரு பொம்மை. மூச்சு விடுவார், இருமுவார், கண் சிமிட்டுவார், மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கும். கீலுங் துறைமுகத்துக்கு மேலே குன்றில் இருக்கும் எங்கள் மருத்துவக் கல்லூரியில் பயிற்சிக் கூடம் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குள் அவர் எத்தனை தடவை செத்திருப்பார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவரை உயிர்ப்பித்து, வாயைத் துடைத்து, அடுத்தவருக்குத் தயாராகப் படுக்க வைப்பது என் வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருட்டறையில் உட்கார்ந்து அவருடைய ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்குவதும் நான்தான். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, நெஞ்சு அடைக்குதே" என்று அவருக்காக முனகுவதும் நான்தான். அதற்கு முன்னால் மீன்பிடிக் கப்பல்களுக்கு ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வேலையிலும் கேட்காத ஆளிடம்தான் கத்த வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் இயந்திரத்தை வைத்துப் பிழைக்கிறவன் எவனும் செய்வதைப்போல, கணினியின் தலையில் பச்சைப் பொட்டலத்தில் ஒரு நொறுக்குத் தீனி வைத்திருக்கிறேன். அது இருந்தால் இயந்திரம் அடங்கி ஒழுங்காக நடக்கும். பொட்டலத்தின் தேதி தாண்டிவிடக் கூடாது, யாரும் பிரித்துத் தின்றுவிடவும் கூடாது. அன்றைக்குத் தேதியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொம்மையும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. சொதப்பியது லியாவ் டாக்டர்தான்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய பாதிப் பேர் லியாவ் டாக்டரின் கையில் ஒருமுறையாவது தூங்கி எழுந்தவர்கள். என் குடல்வாலை எடுத்தபோது எனக்கு மயக்க மருந்து கொடுத்தவர் அவர்தான். அறுபத்தோரு வயது. துறைமுக ஆஸ்பத்திரியில் முப்பது வருஷ சர்வீஸ். அந்த ஆஸ்பத்திரி போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றோடு சேர்க்கப்பட்டது. புது நிர்வாகம் வந்ததும் ஒரு சட்டம் போட்டது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் யாராக இருந்தாலும், எத்தனை வருஷம் கொடுத்திருந்தாலும், பொம்மையை வைத்து ஒரு பரீட்சை எழுத வேண்டும். மூன்று பேர் மதிப்பெண் போடுவார்கள். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் ஆபரேஷன் தியேட்டர் பக்கமே வரக்கூடாது. கீழ்த்தளத்தில் ஒரு மேசை கிடைக்கும். நாளைக்கு ஆபரேஷன் என்று வருகிறவர்களிடம் பல் ஆடுகிறதா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கலாம்.

வியாழக்கிழமை நடந்தது இதுதான். ஆன் மாமாவைத் தூங்கவைத்து மூச்சுக்குழாய் போடுகிற கட்டம். லியாவ் டாக்டர் இடது கையால் நாக்கைத் தூக்கித் தொண்டைக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்துக்கொண்டே, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி. கண்ணை எடுக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நர்ஸாக நின்றவள் ஜிங்யி. எங்கள் கூடத்துப் பெண், இருபத்தாறு வயது. வாயால் கேட்டால் ஒழிய எதையும் கொடுக்காதே என்று அவளுக்கு உத்தரவு. அவள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தபடி நின்றாள்.

பதினோரு விநாடி கழித்து அவர் திரும்பி அவளைப் பார்த்து, குழாயைத் தானே எடுத்துக்கொண்டார்.

அது போகட்டும். அடுத்ததுதான் கொடுமை. மருந்து ஒவ்வாமல் ரத்த அழுத்தம் விழுவதுதான் அன்றைய கேள்வி. நான் விசையைத் திருகிய பத்தாவது விநாடியே அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று காலை வந்த நாலு பேரில் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. கண்டுபிடித்து என்ன செய்தார்? இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். ஜிங்யி விரலைப் பார்த்தாள். இன்னும் உயரமாகத் தூக்கினார். விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். பிறகு மருந்து வண்டிக்குத் தானே போய், பழக்கமில்லாத இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினார். மூன்று நிமிஷத்துக்குள் ஏற வேண்டிய அட்ரினலின் ஐந்தாவது நிமிஷம்தான் ஏறியது. அதற்குள் விதிப்படி நான் ஆன் மாமாவின் இதயத்தை நிறுத்திவிட்டேன். என் விரலால்தான் நிறுத்தினேன்.

பிறகு பேராசிரியர் ஃபாங் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். மதிப்பெண் போடுகிற மூவரில் அவள்தான் தலைமை. நாற்பத்து நாலு வயது, லியாவ் டாக்டரிடம் ஒரு காலத்தில் பயிற்சிக்கு நின்றவள்தான். அவருக்கு முன்னால் உட்காரவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது. திரையில் அந்தக் கை நீண்டு நின்ற இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"லியாவ் சார், இந்தக் கை என்ன கேக்குது?"

"குழாய்."

"யார்கிட்ட கேக்குது?"

அவர் திரையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கதவில் மாட்டியிருந்த தன் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

யாரிடம் என்று எனக்குத் தெரியும். ஒரே கட்டடத்தில் நான் இரண்டாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. யூலான் அக்கா அவருடைய மனைவி. அதற்கு முன்னால் அவருடைய நர்ஸ். இருபத்து நாலு வருஷம் நாலாம் நம்பர் தியேட்டரில் அவருக்கு வலது பக்கம் நின்றவள். அவர் கையை நீட்டினால் குழாய் வரும். இரண்டு விரல் என்றால் அட்ரினலின். விரல் முட்டியால் தட்டினால் மயக்க வாயுவை மூடு. கட்டைவிரலைச் சுழற்றினால் சலைன் வேகமாக ஓட வேண்டும். சர்ஜன்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் இருக்கும்போது இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை இல்லாமல் ஐந்து மணி நேரம் நிற்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை அக்காவின் கண்ணைத் தின்றுவிட்டது. வலது கண் போயே போய்விட்டது, இடது கண்ணில் வைக்கோல் துளை அளவுக்கு வெளிச்சம் மிச்சம். வேலையை விடும்போது அவருடைய சைகை முப்பத்தெட்டையும் படம் போட்டு எழுதி தியேட்டர் சுவரில் ஒட்டிவிட்டு, இரண்டு நர்ஸ்களுக்கு மனப்பாடம் செய்வித்துவிட்டுத்தான் வந்தாள். அவர் அந்தக் காகிதத்தின் தயவில் மூன்று வருஷம் ஓட்டினார். புது நிர்வாகம் சுவருக்கு வெள்ளையடித்தபோது காகிதத்தைக் கிழித்துவிட்டது.

அன்று மாலை மழையில் குடையோடு படியேறினேன். எங்கள் சந்தில் நூற்றுப்பத்துப் படி. நவம்பரில் பிடித்த மழை மார்ச்சில் விட்டால் அதிர்ஷ்டம். என் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது. காலடிச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள் அக்கா.

"ஆசெங்! மேல வா. குடைய வெளியவே வெச்சுட்டு வா."

போனேன். அக்கா அடுப்படியில் நூடுல்ஸ் வறுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் துறைமுகத்தில் அதற்கு மஞ்சள் மசாலாவை அள்ளிப் போடுவோம். டாக்டர் பால்கனியில், வீட்டு ஈரத்தை உறிஞ்சும் பெட்டியிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று தடவை கொட்ட வேண்டும்.

"சொல்லு. ஒன் மாமா செத்தாரா, பொழச்சாரா?"

"அக்கா, பரீட்ச சமாசாரம் வெளிய சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்பச் செத்துட்டாரு."

"நான் ஒண்ணும் சொல்லலியே!"

"பொழச்சிருந்தா சொல்லியிருப்ப." கரண்டியைச் சட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். "டாக்டர் வந்ததுலேருந்து தண்ணியக் கொட்டிட்டு நிக்கறாரு. பெட்டில அவ்ளோ தண்ணி ஏது? என்னாச்சுன்னு கேட்டா 'ம்'ங்கறாரு. மூணு தடவ கேட்டேன். மூணு 'ம்' வந்துச்சு."

புருஷனை அவள் வீட்டிலும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவாள். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் முகம் நான் நிற்கிற திசைக்குச் சற்றுத் தள்ளித் திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கை நீண்டதையும் விரல் உயர்ந்ததையும் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன கேடு? எனக்குத்தான் கண்ணு இல்ல, அவளுக்குமா?"

"கண்ணு இருக்குக்கா. வாயால கேட்டாத்தான் குடுக்கணும்னு அவளுக்கு உத்தரவு. பேரச் சொல்லிக் கேக்கணும், எவ்ளோன்னு சொல்லணும், அவ திருப்பிச் சொல்லணும், இவரு சரின்னு சொல்லணும். இப்ப ஒலகம் பூரா அப்படித்தான்."

அக்கா அடுப்பை அணைத்தாள். அந்த வீட்டில் அவளும் பேசாவிட்டால் கேட்பதற்கு மழை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு என்னோடு வந்தாள். மீன் மாவைக் குழாயில் சுற்றிக் கரியில் சுடுகிற கடையின் தகரக் கூரைக்கு அடியில் நின்றோம். சூடாக ஒன்றை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். ஊதிக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பொண்ண ஏன் திட்டினேன் தெரியுமா ஆசெங்? என்னைத் திட்டிக்க முடியாமத்தான். அவரக் கெடுத்தது நான்."

"நீங்க என்ன கெடுத்தீங்க? ஒழுங்கா வேல பாத்தீங்க."

"வந்த புதுசுல அவரு கேட்டுட்டுத்தான் இருந்தாரு. கூச்ச சுபாவம், மெதுவா வரும் வார்த்த. அது வாயிலேருந்து வர்றதுக்குள்ள நான் குடுத்துடுவேன். அவரு ஆச்சரியமாப் பாப்பாரு. அந்தப் பார்வ இருக்கே, அதுக்காகவே ஒவ்வொண்ணையும் முந்திமுந்திக் குடுத்தேன். ரெண்டு வருஷத்துல வாயே தெறக்கறத விட்டுட்டாரு. நான் ரெண்டு நாள் லீவு போட்டா ஆபரேஷன் தள்ளிவெப்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு உள்ளுக்குள்ள எவ்ளோ சந்தோஷமா இருக்கும் தெரியுமா? நான் இல்லன்னா இந்த மனுஷன் ஒண்ணுமில்லைன்னு." ஒரு கடி கடித்து மென்றாள். "இப்ப நான் இல்ல. அவரும் ஒண்ணுமில்லாமப் போகப்போறாரு."

"ரெண்டாவது சான்ஸ் இருக்குக்கா. ஜனவரில."

"என்ன வியாதி வரும்?"

"அக்கா!"

"மொத எழுத்து மட்டும் சொல்லேன்."

"கையெழுத்துப் போட்டிருக்கேங்கறேன்!"

"கையெழுத்தாம். ரேடியோ ரிப்பேர்ல இருந்தப்ப எத்தன கப்பல்காரனுக்கு அளந்து விட்ட." சிரித்தாள். "சரி, வியாதி வேணாம். வியாதி அவருக்குத் தெரியும். வாய்தானே பிரச்சன. அதை நான் தெறக்கறேன்."

மறுநாள் சாயங்காலமே ஆரம்பமாகிவிட்டது. சோற்றுக் கிண்ணம், குச்சிகள், சோயா சாஸ், சூப்புச் சட்டி எல்லாவற்றையும் மேசையில் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோபாவில் நோயாளி மாதிரிப் படுத்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டனுப்பினாள். வேலை நேரம் முடிந்தும் பொம்மை உத்தியோகம்.

"டாக்டர், இங்க கேளுங்க. நான் யூலான் இல்ல. என் பேரச் சொல்லிப் பழகினீங்கன்னா அங்க போயும் அதுவே வந்துடும். இன்னிலேருந்து நான் மிஸ் ஹுவாங். இன்னிக்குத்தான் வேலைக்கு வந்திருக்கேன். ஒங்க கையப் பாத்ததே கெடயாது. பசிக்குதா? கேளுங்க."

டாக்டர் கையை நீட்டினார்.

"மிஸ் ஹுவாங்குக்குக் கண்ணு தெரியாது," என்றேன் சோபாவிலிருந்து.

"நோயாளி மயக்கத்துல இருக்கான், பேசக்கூடாது," என்றாள் அக்கா.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். "குச்சி."

"யாரு கிட்ட?"

"...மிஸ் ஹுவாங். குச்சி."

"எத்தன?"

"குச்சி எத்தன இருக்கும்? ரெண்டு!"

"ரெண்டு குச்சி. இந்தாங்க, ரெண்டு குச்சி குடுத்துட்டேன். அடுத்து நீங்க என்ன சொல்லணும்?"

"வாங்கிட்டேன்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

இப்படி டிசம்பர் முழுதும். சோயா சாஸ் பத்து மில்லி என்றால்தான் வரும். கொஞ்சம் என்றால் வராது. குளிக்கப் போனவர் துண்டை மறந்துவிட்டு உள்ளேயிருந்து "மிஸ் ஹுவாங், துண்டு ஒண்ணு, வெள்ளத் துண்டு" என்று கத்தியது கீழே என் வீட்டுக்குக் கேட்டது. "வெள்ளத் துண்டு ஒண்ணு, கொண்டுவரேன்" என்று அக்கா திருப்பிக் கத்தினாள். முதல் மாடிக் கிழவர் என்னைப் படியில் நிறுத்தி, மேலே லியாவ் வீட்டில் புதிதாக வேலைக்காரி வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தார்.

ஆனால் சோபாவில் நான் செத்துக்கொண்டே இருந்தேன். துண்டு கேட்கிற வாய், அவசரம் என்றால் மூடிக்கொண்டது. நான் ஏதாவது ஒரு வியாதியை நடித்து மூச்சு முட்டினால் அவர் கை தானாக நீளும். ஒருநாள் அக்கா பொறுமையிழந்தாள்.

"கேளுங்களேன்! வாயில என்ன கொழுக்கட்டையா? அங்க ஒரு உசுரு போயிட்டிருக்கு!"

"இங்க பேசிடுவேன்," என்றார் டாக்டர்.

"அங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். நோயாளி எப்படி எழுந்து போவது? படுத்தே கிடந்தேன்.

"மூணு வருஷமா அங்க நிக்கறேன்," என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். "வலது பக்கம் வேற பொண்ணுங்க நிக்குதுங்க. காயிதத்தப் பாத்துக் கத்துக்கிட்டு எல்லாத்தையும் சரியாத்தான் குடுக்குதுங்க. நான் திரும்பிப் பாக்கறதில்ல. பாக்காத வரைக்கும் அது நீதான். கைய நீட்டறேன், வருது. நீதான் குடுக்கற. அன்னிக்கு அந்தப் பொண்ணு குடுக்கல. திரும்பிப் பாத்தேன். நீ இல்ல." மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "வாயத் தெறந்து இன்னொருத்தி பேரச் சொல்லிக் கேட்டுட்டா, நீ திரும்ப அங்க வரவே மாட்டன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. யூலான் அக்காவுக்கும் அதே ஏக்கம்தான் என்று எனக்குத் தெரியும். தினமும் அவர் வந்ததும் இன்னிக்கு என்ன கேஸ், எத்தனை மணி நேரம், எந்த சர்ஜன் கத்தினான் என்று கேட்டுக்கேட்டு வாங்குவாள். தியேட்டரின் ஸ்பிரிட் வாசனை அடிக்கிறது என்று அவருடைய சட்டையைத் துவைக்காமல் ஒரு நாள் வைத்திருப்பாள்.

அக்கா மேசையைத் தடவி சூப்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் வர மாட்டேன் டாக்டர். இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு மருந்துக் குப்பி லேபிள் படிக்க முடியாது. நான் வரலைன்னா நீங்களாவது அங்க இருக்கணும். ரெண்டு பேரும் வீட்ல ஒக்காந்து ஈரப் பெட்டியக் கவுத்துட்டு இருக்கறதுக்கா இவ்ளோ வருஷம் நின்னோம்? இன்னொரு தடவ. ஆசெங், மூச்ச நிறுத்து."

நிறுத்தினேன்.

"மிஸ் ஹுவாங்," என்றார் டாக்டர். "அட்ரினலின். பத்துல ஒரு பங்கு மில்லிகிராம்."

ஜனவரி எட்டாம் தேதி பரீட்சை. பக்கத்து வீட்டுக்காரன் நான் பொம்மையை ஓட்டலாமா என்று ஃபாங்கிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். "கீலுங்ல யாரு யாருக்குப் பக்கத்து வீடு இல்ல? நான் குடுக்கற தாளப் பாத்து விசைய அழுத்து, போதும்," என்றாள். யூலான் அக்காவும் வந்திருந்தாள். இருட்டறையில் என் பக்கத்தில் உட்காரவேண்டும் என்றாள். மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களும் முகம் சுளித்தார்கள். ஃபாங் யோசித்துவிட்டு, "கண்ணு தெரியாதவங்க பாக்கக்கூடாதுன்னு விதில எழுதல. ஆனா அக்கா, சத்தம் வரக்கூடாது," என்றாள். அக்கா கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டு ஒலிபெருக்கியின் கீழே உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மா மாதிரி இருந்தது.

தாளைப் பிரித்துப் பார்த்தேன். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத வியாதி. சிலருடைய உடம்புக்கு மயக்க வாயுவே விஷம். தசையெல்லாம் விறைத்து, உள்ளே அடுப்பு பற்றவைத்த மாதிரி உடம்பு கொதித்துப்போகும். அதற்கு ஒரே ஒரு மாற்று மருந்து. அதை ஒருவர் தனியாகக் கரைத்து முடிப்பதற்குள் ஆள் போய்விடுவான். ஆளாளுக்கு ஏவி வேலை வாங்கினால்தான் உண்டு. வாய் இல்லாதவனுக்கென்றே எடுத்த கேள்வி.

மூச்சுக்குழாய் போடும் கட்டம் வந்தது. லியாவ் டாக்டர் குனிந்தார். வலது கை நீண்டது. அறையில் யாரும் அசையவில்லை. ஒலிபெருக்கியில் நாடிச் சத்தம் மட்டும் டிக் டிக் என்று கேட்டது.

"மிஸ் ஹுவாங், குழாய். ஏழரை நம்பர்."

"டாக்டர், நான் ஜிங்யி," என்றாள் அவள்.

என் பக்கத்து இருட்டில் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. ஃபாங் திரும்பிப் பார்த்தாள்.

"ஜிங்யி," என்றார் டாக்டர். "ஜிங்யி, ஏழரை நம்பர் குழாய்."

"ஏழரை நம்பர் குழாய், இந்தாங்க."

"வாங்கிட்டேன்."

தாளில் சொன்னபடி நான் ஆரம்பித்தேன். முதலில் நாடியைக் கொஞ்சம் ஏற்றினேன். பிறகு, மூச்சில் வெளியே வரும் கரியமில வாயுவை. பொம்மைக்கு வியர்க்காது, உடம்பு சுடாது, உதடு எப்போதும் ஒரே சிவப்பு. டாக்டர் பழக்கத்தில் ஆன் மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்திருக்கும். கையை எடுத்துவிட்டுத் திரையைப் படித்தார். உரக்கப் படித்தார்.

"நாடி நூத்திப்பத்து. கரியமிலம் நாப்பத்தாறு. மூச்ச நான் கூட்டியும் கொறயல. ஜிங்யி, ஒடம்புச் சூட்டைச் சொல்லு."

"முப்பத்தேழு புள்ளி நாலு."

"நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்லிட்டே இரு."

அக்காவுக்குத் திரை தெரியாது. அவர் சொல்வது மட்டும்தான் அவளுக்குத் திரை. எண்களை உதட்டால் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தவள், கரியமிலம் ஐம்பத்தெட்டு என்று கேட்டதும் சட்டென்று நிமிர்ந்தாள். "வாயுவ மூடுங்க," என்று மூச்சுக்குள் சொன்னாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைகள் வெளியே வந்திருந்தன. வலது கை இல்லாத ஒரு திருகைப் பிடித்து மூடியது.

ஏழெட்டு விநாடி கழித்து ஒலிபெருக்கி சொன்னது: "ஜிங்யி, வாயுவ மூடு. முழுசா. மூடிட்டியா?"

"மூடிட்டேன் டாக்டர்."

"எல்லாரும் கேளுங்க. வாயுதான் இவருக்கு வெஷம். ஆபரேஷன நிறுத்துங்க. ஜிங்யி, ஒதவிக்கு ரெண்டு பேரக் கூப்பிடு. டான்ட்ரோலீன் பெட்டி வரணும். எடை எழுபது கிலோ, ஒம்பது குப்பி. ஒவ்வொண்ணுக்கும் அறுவது மில்லி தண்ணி. நீ மொத மூணக் கரை. திருப்பிச் சொல்லு."

அவள் சொன்னாள். ஆட்கள் வந்தார்கள். ஐஸ் வந்தது. டாக்டர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். என்ன நினைக்கிறார், ஏன் நினைக்கிறார், அடுத்து என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜிங்யி, ஜிங்யி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை வாங்கினார். என் பக்கத்தில் அக்காவின் கைகள் குப்பியை உடைத்தன, ஊசியை நிரப்பின, நீட்டின. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பதற்கு முன்பே நீட்டின. நீட்டிய இடத்தில் யாரும் வாங்கவில்லை. நான் விசையைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தேன். கொஞ்ச நேரத்தில் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு அவற்றை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

தாளில் எழுதியிருந்தபடி கரியமிலத்தை இறக்கினேன். ஐம்பது. நாற்பத்து நாலு. நாடி தொண்ணூறு. இருபது நிமிஷத்தில் ஆன் மாமா பிழைத்துக்கொண்டார். ஃபாங் பேனாவை மூடினாள். மதிப்பெண் தாளைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"பாஸ் அக்கா," என்றேன் ரகசியமாக. "பிச்சு ஒதறிட்டாரு."

"பத்தொம்பது," என்றாள் அவள்.

"என்ன பத்தொம்பது?"

"அந்தப் பொண்ணு பேர. பத்தொம்பது தடவ சொன்னாரு." முகம் ஒலிபெருக்கியைப் பார்த்தே இருந்தது. "இருபத்து நாலு வருஷம் நின்னேன் ஆசெங். தியேட்டர்ல என் பேர ஒரு தடவ சொன்னதில்ல. வீட்லயும் ஒரு செருமல்தான். சொல்ல வேண்டிய தேவையே வராமப் பாத்துக்கிட்டேனே, அதான்."

வராந்தாவில் டாக்டரைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களும் கை கொடுத்தார்கள். ஃபாங்குக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. டாக்டர் ஜிங்யியிடம் குப்பியைக் குலுக்குகிற விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கையாலும் வாயாலும். ஒரு தடவை திறந்துகொண்ட வாய் மூடத் தெரியாமல் திண்டாடியது.

"வா, நாம எறங்கலாம்," என்று அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு பேசி முடிக்கட்டும்."

"சொல்லிட்டு வந்துடறேன்கா."

"வேணாம். வா."

கல்லூரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நீளமான கல் படிக்கட்டு. பாசி வழுக்கும். குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கினேன். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. பாதி இறங்கியிருப்போம். மேலே கதவு படாரென்று திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். லியாவ் டாக்டர் குடையில்லாமல், தலையில் பச்சைத் தொப்பியோடு, படிக்கட்டின் உச்சியில் நின்று இரண்டு பக்கமும் தேடினார். எங்களைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கி ஆட்டினார். ஆட்டிக்கொண்டிருந்த கையைப் பாதியில் கீழே போட்டார்.

"யூலான்!"

மழையில் அந்தக் குரல் எங்கள் தலைக்கு மேலே போயிற்று. நான் நின்றேன். என் முழங்கையை அவள் விரல்கள் இறுக்கின.

"யூலான்! யூலான்!"

"அக்கா, டாக்டர் கூப்பிடறாரு."

"கேக்குது," என்றாள் அவள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. குடையை நான் ஒழுங்காகத்தான் பிடித்திருந்தேன். "நின்னுடாத. நட. இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும்."